அரிசோனாவில் ஆள் பெருகுகிறது, தண்ணீர் என்ன ஆகும்? (கேள்வி பதில்)

நிலத்தடி நீர்த் திட்டமிடலில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பீனிக்ஸைச் சுற்றி நம் ஆட்கள் வீடு வாங்கும் வேகத்தைப் பார்த்துத்தான் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். எனக்குத் தெரிந்த விஷயங்களுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

சாண்ட்லர் வாசகர்: சார், 1950-இல் இங்கே ஏழரை லட்சம் பேர். 2020 கணக்கெடுப்பில் 71.5 லட்சம். பாலைவனம் எப்படித் தாங்கும்?

பலரும் நம்ப மறுக்கும் ஒன்றைச் சொல்கிறேன். 1957-இல் மாநிலம் முழுக்கச் செலவான தண்ணீரும் இன்று செலவாகும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே அளவுதான், வருடத்துக்கு 70 லட்சம் ஏக்கர்-அடி. (ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர்-அடி. பீனிக்ஸில் மூன்று வீடுகளுக்கு ஒரு வருடம் வரும்.) காரணம், புது வீடுகளில் பெரும்பகுதி பருத்தியும் அல்ஃபால்ஃபா தீவனமும் விளைந்த வயல்களில் எழுந்தவை. ஓர் ஏக்கர் அல்ஃபால்ஃபா குடிப்பதைவிட ஓர் ஏக்கரில் கட்டிய வீடுகள் குறைவாகவே குடிக்கின்றன. இன்றும் மாநிலத் தண்ணீரில் எழுபது சதவீதத்துக்கு மேல் விவசாயத்துக்குத்தான் போகிறது.

அப்படியானால் கவலை இல்லையா என்றால், இருக்கிறது. வறண்ட வருடத்தில் வயலைத் தரிசாகப் போடலாம், வீட்டுக் குழாயை மூட முடியாது. வயல் வீடாக மாற மாற, தேவையைக் குறைத்துக்கொள்ளும் வசதி நம் கையைவிட்டுப் போகிறது. நமக்குத் தண்ணீர் தரும் கொலராடோ ஆற்றுக்கு முதல் பற்றாக்குறை அறிவிப்பு 2021 ஆகஸ்டில் வந்தது. மறுவருடம் அரிசோனா 5,12,000 ஏக்கர்-அடியை இழந்தது. அந்த இழப்பைப் பினால் மாவட்ட விவசாயிகள் தாங்கிக்கொண்டார்கள், நகரங்கள் தப்பின. அடுத்த இழப்பைத் தாங்க வயல் மிஞ்சியிருக்காவிட்டால் அது நேராக நம் வீட்டு வாசலில்தான் விழும்.

ஆற்றுக் கணக்கும் ஆரம்பத்திலேயே தப்பு. 1922 ஒப்பந்தம் வருடத்துக்கு மேல்படுகைக்கு (ஆற்றின் மேல்பகுதி மாநிலங்கள்) 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்படுகைக்கு (அரிசோனா இருக்கும் கீழ்ப்பகுதி) 75 லட்சம் என்று பிரித்தது. 1944-இல் மெக்சிகோவுக்கு இன்னொரு 15 லட்சம் சேர்ந்தது. 2000-க்குப் பிறகு ஆற்றில் வருவது சராசரியாக ஒன்றேகால் கோடிதான். இல்லாத தண்ணீரைக் காகிதத்தில் பங்கு போட்டுவிட்டு, அதை நம்பி ஊர்களைக் கட்டியிருக்கிறோம்.

பக்காய் வாசகர்: புது வீடு பார்த்திருக்கிறோம் அண்ணா. எதைச் சரிபார்க்க வேண்டும்?

நூறு வருட நீர் உறுதிச் சான்றிதழைத் தம்பி. பீனிக்ஸ், டூசான் போன்ற நீர் மேலாண்மைப் பகுதிகளில் மனைப்பிரிவு போடுபவர், நூறு வருடத்துக்குத் தண்ணீர் உண்டு என்று நிரூபிக்க வேண்டும். 1980 நிலத்தடி நீர்ச் சட்டத்தின் அடிப்படையில் வந்த விதி இது. 2023 ஜூனில் பீனிக்ஸ் பகுதிக்கான கணிப்பு, நூறு வருடத் தேவையில் 4 சதவீதத்துக்கு நிலத்தடி நீர் இருக்காது என்று காட்டியது. அதன் பிறகு நிலத்தடி நீரை மட்டும் நம்பிய புதுப் பிரிவுகளுக்குச் சான்றிதழ் நின்றது. ஏற்கெனவே சான்றிதழ் வாங்கியவை செல்லும்.

இப்போது என் எச்சரிக்கை. ஆறு மனைக்குக் குறைவாகப் பிரித்தால் சட்டப்படி அது மனைப்பிரிவே இல்லை, சான்றிதழும் தேவையில்லை. இந்த ஓட்டை வழியாக விற்ற நிலங்கள் ஏராளம். ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸில் நூற்றுக்கணக்கான வீடுகள் ஸ்காட்ஸ்டேலிலிருந்து வந்த லாரித் தண்ணீரில் வாழ்ந்தன. 2023 ஜனவரி 1 அன்று ஸ்காட்ஸ்டேல் அதை நிறுத்தியது. என் நண்பர் ஒருவரும் வேறொரு இடத்தில் இப்படி ஒரு மனையை வாங்கிவிட்டு, ஆழ்துளைக் கிணறு வற்றி, விற்கவும் முடியாமல் தவிக்கிறார். தயவுசெய்து அப்படி வாங்காதீர்கள்.

டெம்பி வாசகர்: எச்-1பி நீட்டிப்பு, கிரீன் கார்டு வரிசை பற்றி...

என் துறை இல்லை. குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

மேசா வாசகர்: குடியேற்றத்தை நிறுத்தாமல் தண்ணீரைப் பேசி என்ன பயன்? அரிசோனா ஏன் கதவை மூடவில்லை?

மாநிலத்தின் கையில் அந்தக் கதவே இல்லை. குடியேற்றம் கூட்டரசின் அதிகாரம். 2010-இல் அரிசோனா எஸ்.பி. 1070 என்று சொந்தமாகச் சட்டம் போட்டுப் பார்த்தது. வழக்குக்கு வந்த நான்கு பிரிவுகளில் மூன்றை உச்ச நீதிமன்றம் 2012-இல் தள்ளியது.

அது மட்டுமல்ல. இங்கே ஆள் கூடுவதில் பெரிய பங்கு உள்நாட்டிலிருந்தே வருகிறது, முதலிடம் கலிபோர்னியாவுக்கு. ஓய்வு பெற்றவர்களுக்கென்று சன் சிட்டி 1960-இல் திறந்த காலத்திலிருந்தே இதுதான் கதை. அவர்களையும் தடுக்க முடியாது. ஏழைகளை மாநிலத்துக்குள் கூட்டி வருவதைக் குற்றமாக்கிய கலிபோர்னியாச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1941-லேயே ரத்து செய்துவிட்டது.

கில்பர்ட் வாசகி: மேசா அண்ணன் பேசுவது அப்பட்டமான வெறுப்பு. நாமே குடியேறியவர்கள்!

அம்மா, கேட்டவரை அப்படிச் சொல்ல வேண்டாம். சுற்றுச்சூழல் இயக்கத்துக்குள்ளேயே இது பழைய சண்டை. 1998-இல் சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு தன் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பே நடத்தியது. குடியேற்றத்தில் நிலைப்பாடு எடுக்காமல் இருப்போம் என்று சுமார் அறுபது சதவீதம் பேர் சொன்னார்கள், மீதி நாற்பது சதவீதம் பேர் குடியேற்றத்தைக் குறைக்கச் சொன்னார்கள். அத்தனை பேரையும் வெறுப்பாளர்கள் என்று ஒதுக்கினால் வாதம் அங்கேயே நின்றுவிடும்.

மேசா வாசகர்: நன்றி சார். ஆனால் ஏழை நாட்டிலிருந்து வருபவர் இங்கே வந்ததும் அமெரிக்கர் அளவுக்குக் கார்பன் வெளியிடுகிறார். அது பூமிக்கு நஷ்டம்தானே?

கணக்காகப் பார்த்தால் சரிதான். ஆனால் அந்தக் கூடுதல் கார்பன் வருவது அவர் ஓட்டும் காரிலிருந்தும், ஏசி போட்ட பெரிய வீட்டிலிருந்தும், பஸ் இல்லாத தெருவிலிருந்தும். அந்தத் தெருவை அப்படி அமைத்தது நாம். கலிபோர்னியாக் கடற்கரையிலிருந்து பீனிக்ஸுக்கு வருபவரின் கோடைக்கால மின் செலவும்தான் எகிறுகிறது, அவரை யாரும் எண்ணுவதில்லை. வருபவரை மட்டும் எண்ணிவிட்டு, வீட்டையும் வயலையும் குழாயையும் எண்ணாமல் விடும் கணக்கை நான் ஏற்கமாட்டேன். நிலத்தை எப்படிப் பிரிப்பது, எவ்வளவு தண்ணீர் இறைப்பது என்பதெல்லாம் முழுக்க மாநிலத்தின் கையில் இருக்கிறது. அதைச் செய்யாமல் எல்லையைக் கைகாட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

குவீன் கிரீக் வாசகர்: வீடு வாங்கலாமா?

பக்காய் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். சான்றிதழ்.

டூசான் வாசகர்: சவுதி மாட்டுக்கு நம் தண்ணீர் போகிறது என்கிறார்களே?

உண்மை. ஒரு சவுதி நிறுவனத்தார் பட்லர் பள்ளத்தாக்கில் மாநில நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அல்ஃபால்ஃபா விளைத்துக் கப்பலில் அனுப்பினார்கள். தன் நாட்டில் தண்ணீரைக் காக்க சவுதி அரசு தீவனப் பயிரைக் கட்டுப்படுத்தியது, அதனால் இங்கே வந்தார்கள். அந்தக் குத்தகைகளுக்கு முடிவுகட்டுவதாக ஆளுநர் ஹாப்ஸ் 2023 அக்டோபரில் அறிவித்தார். ஆனால் நோய் வேறு இடத்தில். மேலாண்மைப் பகுதிகளுக்கு வெளியே பெரும்பாலான இடங்களில் இறைப்பதற்கு வரம்பே கிடையாது. அந்த நிறுவனம் போனாலும் இன்னொருவர் ஆழமாகக் குழாய் இறக்குவார், பக்கத்துச் சின்ன விவசாயியின் கிணறு வற்றும். என் முப்பது வருடத்தில் மனதை மிகவும் வருத்தியது இதுதான்.

சாண்ட்லர் வாசகி: கோல்ஃப் மைதானங்களை மூடினால்?

மாநிலத் தண்ணீரில் சுமார் இரண்டு சதவீதம். குறைக்கலாம், தீர்வு அதில் இல்லை.

பியோரியா வாசகர்: கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்துவது நடக்கிற காரியமா?

நடந்துகொண்டே இருக்கிறது. பாலோ வெர்டே அணுமின் நிலையம் ஆறும் கடலும் இல்லாத பாலைவனத்தில் நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீரால்தான் குளிர்கிறது. சிப் ஆலைகளும் இந்த வழிக்கு வந்தாக வேண்டும்.

கிளெண்டேல் வாசகர்: தண்ணீரைவிட வெயில்தானே பெரிய ஆபத்து?

ஆமாம், உயிருக்கு. 2023-இல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 பாரன்ஹீட்டுக்குக் கீழே உச்ச வெப்பம் இறங்கவில்லை. மாரிகோபா மாவட்டத்தில் அந்த வருடம் வெப்பத்தால் 645 பேர் இறந்தார்கள். வீடில்லாதவர்களும், ஏசி ஓடாத வீட்டில் தனியாக இருந்த முதியவர்களும் அதில் நிறைய. பக்கத்து வீட்டில் வயதானவர் தனியாக இருந்தால் ஜூலையில் தினமும் ஒரு முறை கதவைத் தட்டிப் பாருங்கள்.

இன்னொரு பக்காய் வாசகர்: ஏஜெண்ட் நான்கு மனை மட்டும் பிரித்த இடம் ஒன்று காட்டுகிறார். தண்ணீர் லாரியில் வருமாம். விலை ரொம்பக் குறைவு. முன்பணம் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இன்றைக்கே அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.