கயிறு தளரும் நேரம் (கடிதமும் பதிலும்)

வணக்கம் அண்ணா,

போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு மார்வாரி இனக் குதிரை வாங்கினேன். பெண், நாலு வயது. காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனி தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவு அழகு. சின்ன வயதிலிருந்தே இருந்த ஆசை. எங்களுடையது தலைமுறையாக மாடு வளர்க்கும் குடும்பம், அதனால் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. கொட்டிலிலிருந்து அவிழ்த்தால் என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. சும்மா நின்றால் தோளால் இடித்துத் தள்ளுகிறது. வெல்லம் கொடுத்துப் பழக்கினேன். இப்போது கையில் வெல்லம் இல்லையென்றால் சட்டையைக் கடிக்கிறது. லாடம் அடிக்கக் காலைத் தொடவே விடுவதில்லை. கொட்டுச் சத்தம் கேட்டால் முன்னங்காலைத் தூக்கி எழும்பி நிற்கிறது.

பக்கத்து ஊரில் குதிரை பழக்கும் ஒருவர், “நாலு நாள் எங்கிட்ட விடுங்க, ரெண்டு சாத்து சாத்துனா தானா அடங்கிடும்” என்கிறார். குதிரைமேல் ஏறுவதற்கு முன் தரையில் நின்றே பழக்குவதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதெல்லாம் வெளிநாட்டில் நேரமும் காசும் இருப்பவர்களுக்குத்தானே அண்ணா? நம் ஊரில் நடக்குமா? குதிரைக்கு என்மேல் மரியாதை வர என்ன செய்ய வேண்டும்? எப்போது ஏறலாம்?

அன்புடன்,
க., காங்கேயம் பக்கம்

*

அன்புள்ள தம்பி,

முதலில், குதிரையை அவரிடம் விட வேண்டாம். விட்டால் நாலு நாளில் அடங்கித்தான் திரும்பி வரும். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தொட்டாலும் தட்டினாலும் அசையாமல் நிற்கும். அதைப் பார்த்து அமைதியாகிவிட்டது என்று சந்தோஷப்படுவீர்கள். எது செய்தாலும் அடி நிற்காது என்று கண்டுகொண்ட பிராணி, ஒன்றும் செய்யாமல் இருக்கப் பழகிவிடும். அது அமைதி இல்லை. என்றைக்காவது அதைவிடப் பெரிய பயம் ஒன்று வரும்போது எச்சரிக்கையே இல்லாமல் வெடிக்கும், அப்போது மேலே இருப்பது நீங்களாக இருப்பீர்கள். நிஜமாகவே அமைதியான குதிரைக்கு ஒரு காது எப்போதும் உங்கள் பக்கம் இருக்கும். கண் இமைக்கும், கீழுதடு தளர்ந்திருக்கும். கேட்டால் நகரும், கேட்காதபோது நிற்கும்.

பழக்குவதற்கு முன்னால் இரண்டு விஷயம். ஒன்று, கால்நடை மருத்துவரை வரவழைத்து வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். குதிரைக்கு இரண்டரை வயதில் தொடங்கி ஐந்து வயது வரை பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைத்துக்கொண்டே இருக்கும். நாலு வயதுக் குதிரைக்கு வாயில் வலி இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. குளம்பையும் முதுகையும் பார்க்கட்டும். வலியால் செய்வதைத் திமிர் என்று எண்ணிப் பழக்க ஆரம்பித்தால் எந்த முறையும் உதவாது.

இரண்டாவது, கொட்டிலிலிருந்து அவிழ்த்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மற்ற நேரமெல்லாம் கட்டித்தான் கிடக்கிறது. வெட்டவெளியில் விட்ட குதிரை ஒரு நாளில் பதினாறு மணி நேரம் வரை மேய்ந்துகொண்டே நடக்கும். வயிறு காலியாக இருந்தாலும் அதன் இரைப்பையில் அமிலம் சுரப்பது நிற்காது. கட்டி வைத்து, இரண்டு வேளை கொள்ளும் மக்காச்சோளமும் வைத்து, மாலையில் ஒரு மணி நேரம் அவிழ்த்துவிட்டால் அது இழுக்காமல் என்ன செய்யும்? உங்கள் பக்கம் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம், அதுதான் கொறங்காடு, இருக்குமே. பகலெல்லாம் அதில் விடுங்கள். துணைக்கு இன்னொரு குதிரை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மாடாவது கூட இருக்கட்டும். தானியத்தைக் குறைத்துப் புல்லையும் சோளத்தட்டையும் கூட்டுங்கள். நீங்கள் சொன்ன தொல்லையில் பாதி இதிலேயே குறைந்துவிடும்.

சரி, இனி பழக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

மாடு வளர்த்த கை உங்களுடையது. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு இருக்கிறது, சுண்டினால் வந்துவிடும். குதிரையின் தலைக்கயிற்றை இழுத்தால் அது எதிர்ப்பக்கம் இழுக்கும். தோளில் கைவைத்துத் தள்ளினால் உங்கள்மேலேயே சாயும். அதன் உடம்பு அப்படி. முந்நூற்றைம்பது, நானூறு கிலோ எடையோடு இழுத்துப் பார்த்து ஜெயிக்க முடியாது. ஆனால் அதே குதிரை முதுகில் ஒரு ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்துத் துரத்தும். அவ்வளவு நுணுக்கமாக உணரும் பிராணியிடம் பலம் எதற்கு?

தரைப்பயிற்சி முழுவதும் ஒரே ஒரு விஷயத்தின்மேல் நிற்கிறது. நீங்கள் அழுத்தும்போது குதிரை எதையும் கற்பதில்லை. அழுத்தத்தை எடுக்கிற அந்த நொடியில் என்ன செய்துகொண்டிருந்ததோ அதைத்தான் கற்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். காலைத் தூக்கினீர்கள், அது உதறியது, பயந்து விட்டுவிட்டீர்கள். உதறினால் விடுவார்கள் என்று கற்றுக்கொண்டது. தோளால் இடித்தது, நீங்கள் ஒதுங்கினீர்கள். இடித்தால் ஒதுங்குவார்கள் என்று கற்றுக்கொண்டது. சட்டையைக் கடித்தது, வெல்லம் வந்தது. நீங்கள் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் அது ஒழுங்காகவே படித்திருக்கிறது. அதனிடம் மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை.

நாளைக் காலையில் ஒரு விஷயம் மட்டும் செய்து பாருங்கள். பன்னிரண்டு அடி நீளத்தில் கனமான பருத்திக் கயிறு ஒன்றைத் தலைக்கயிற்றில் கட்டிக்கொள்ளுங்கள். கடிவாளம் வேண்டாம். இடது தோளுக்குப் பக்கத்தில் நின்று, இடது கையில் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, அதன் மூக்கு லேசாக உங்கள் பக்கம் திரும்பும்படி வையுங்கள். வலது கையின் இரண்டு விரலை விலாவில், ஏறி உட்கார்ந்தால் உங்கள் குதிகால் படும் இடத்தில் வையுங்கள். முதலில் முடியில் மட்டும் படட்டும். இரண்டு மூச்சு காத்திருங்கள். ஒன்றும் நடக்கவில்லையா, தோலில் படட்டும். பிறகு சதையில் அழுத்துங்கள். படிப்படியாகக் கூட்ட வேண்டும், குத்தக் கூடாது. ஏதோ ஒரு கட்டத்தில் அது பின்பக்கத்து எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றும். கால் நகரக்கூட வேண்டாம், எடை மாறினால் போதும். அந்த நொடியே விரலை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டுச் சும்மா நில்லுங்கள். அது யோசிக்கட்டும். தலை கொஞ்சம் இறங்கும், ஒரு பெருமூச்சு வரும், வாயை மெல்லும். அப்புறம் மறுபடி கேளுங்கள்.

சில நாளில் முடியில் பட்டதுமே பின்னங்கால் ஒன்று மற்றதற்கு முன்னால் குறுக்கே போய் ஊன்றும். இது ஏன் முக்கியம் என்றால், குதிரையின் வேகமெல்லாம் பின்னங்காலில் இருக்கிறது. பாய்ந்து ஓடவும் எழும்பி நிற்கவும் இரண்டு பின்னங்காலையும் சேர்த்து ஊன்றியாக வேண்டும். கால் குறுக்கே போகும்போது அந்தப் பலம் கலைந்துவிடுகிறது. பின்னாளில் மேலே உட்கார்ந்திருக்கும்போது அது மிரண்டால் உங்களைக் காப்பாற்றப் போவது இந்த ஓர் அடிதான். இரண்டு பக்கமும் பழக்குங்கள். இடப்பக்கம் கற்றதை வலப்பக்கம் தானாகச் செய்துவிடாது.

இதே மாதிரிதான் பின்னோக்கி நகர்வதும். உங்களை இடிக்க வரும்போது கயிற்றைத் தரைக்குச் சமமாக ஆட்டுங்கள், முதலில் விரலால், பிறகு மணிக்கட்டால். ஓர் அடி பின்னால் போனதும் நிறுத்துங்கள். கை நீட்டினால் தொடும் தூரம் உங்களுடையது. அழைத்தால் அதற்குள் வரலாம், அழைக்காமல் வரக் கூடாது. இதை ஒரு நாள் கண்டித்து ஒரு நாள் விட்டுவிட்டால் குதிரைக்குக் குழப்பம்தான் மிஞ்சும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளச் சொல்லுங்கள். வெல்லத்தைக் கையால் கொடுப்பது இன்றோடு போதும். கொடுக்கத் தோன்றினால் தொட்டியில் போடுங்கள். பாராட்ட நினைத்தால் பிடரி முடிந்து முதுகு ஆரம்பிக்கும் மேட்டில் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று சொறிந்துவிடுவது அங்கேதான்.

காலுக்கும் அதே கணக்கு. அசையாமல் இருக்கும்போதுதான் கையை எடுக்க வேண்டும். முன்னங்காலின் முட்டி வரை தடவி, அது நிற்கும்போதே நிறுத்துங்கள். தூக்கும் நாளில் ஒரு நொடி பிடித்து, அது உதறுவதற்கு முன் நீங்களே மெதுவாகக் கீழே வையுங்கள். லாடக்காரர் வரும் நாளில் இதை ஆரம்பிக்காதீர்கள், பாவம் அவர்.

கொட்டுச் சத்தத்துக்கு நிறையப் பேர் செய்வது, குதிரையை இறுக்கக் கட்டிப்போட்டு அது ஓயும்வரை பக்கத்தில் அடிப்பது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பயத்தில் மூழ்கடித்தால் ஓய்ந்துபோகும், பழகாது. ஒரு பையனிடம் பறையைக் கொடுத்து, குதிரைக்குக் காது மட்டும் நிமிரும் தூரத்தில், அதனிடமிருந்து விலகி நடந்துகொண்டே அடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் குதிரையோடு அவனைப் பின்தொடருங்கள். தன்னைப் பார்த்து விலகிப் போகும் ஒன்றின்மேல் குதிரைக்குப் பயம் குறைந்து ஆர்வம் வரும். அது தளர்ந்து நிற்கும்போது சத்தத்தை நிறுத்துங்கள், துள்ளும்போது நிறுத்தாதீர்கள். துள்ளுகிறது என்றால் தூரம் போதவில்லை; நீங்கள்தான் அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

வெளிநாட்டுச் சமாச்சாரம்தானே என்று கேட்டீர்கள். அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் உங்கள் பக்கத்து ஊர்க்காரர் சொல்வதுதான் நடந்துகொண்டிருந்தது. கட்டிப்போட்டுச் சேணம் ஏற்றி, துள்ளி ஓயும்வரை ஏறி உட்கார்ந்து அடக்குவார்கள். அதை மாற்றியவர்கள் காசும் நேரமும் மிகுந்தவர்கள் இல்லை. ஓரிகனில் மாட்டுப்பண்ணையில் வளர்ந்த டாம் டோரன்ஸ், அவரிடம் கற்ற ரே ஹன்ட் போன்ற மாடு மேய்த்த ஆட்கள்தான். சரியானதைக் குதிரைக்கு எளிதாக்கு, தவறானதைச் சிரமமாக்கு என்பதைத்தான் ரே ஹன்ட் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். இன்னும் பின்னால் போனால், இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன் கிரேக்கத்தில் செனபோன் என்ற படைத்தலைவர், கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்று எழுதியிருக்கிறார். கட்டாயத்தால் குதிரை செய்வதில் புரிதலும் இருக்காது, அழகும் இருக்காது, நாட்டியக்காரரைச் சாட்டையால் அடித்து ஆடவைப்பது போல என்றும் சொல்கிறார். அந்தியூரில் கொட்டுக்கு ஆடும் குதிரைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். சிலது காது தளர்ந்து ஆடும், சிலது பயத்தில் கண்ணின் வெள்ளை தெரிய ஆடும்.

வட்டக் கொட்டடியில் குதிரையைத் துரத்திவிட்டு, அது தானாக வந்து பின்னால் நடப்பதை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். குதிரை நம்மைத் தலைவனாக ஏற்றுக்கொண்டது என்பார்கள். 2012-இல் சிட்னிப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மனிதருக்குப் பதிலாக ரிமோட் கார் ஒன்றை வைத்து இதைச் செய்து பார்த்தார்கள். குதிரை காரின் பக்கமும் திரும்பி வந்தது. திரும்பியபோது துரத்தல் நின்றது, அதனால் வந்தது. தலைவன், அடிமை என்ற பேச்சே இதற்குத் தேவையில்லை. நீங்கள் கேட்ட மரியாதையை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: நீங்கள் என்ன கேட்பீர்கள், எப்போது விடுவீர்கள் என்பது அதற்குச் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். தெரிந்தால் பயப்படத் தேவையில்லை, இடிக்கவும் தேவையில்லை.

ஏறுவதற்கு அவசரம் வேண்டாம். நாலு வயதில் முதுகெலும்பு முழுதாக முற்றியிருக்காது. தளர்ந்த கயிற்றில் உங்கள் தோளோடு நடந்து, நீங்கள் நின்றால் நின்று, நாலு காலையும் கொடுத்து, இரண்டு பக்கமும் விரல் தொட்டதும் நகரும் நாளில் சேணத்தை வையுங்கள். அது எந்த மாதம் என்று நான் சொல்ல முடியாது, குதிரை சொல்லும். வரும் ஆடிச் சந்தைக்கு அதில் ஏறிப் போக வேண்டும் என்று யாரிடமும் சொல்லி வைக்காதீர்கள். தேதி குறித்துவிட்டால் கை கடினமாகிவிடும்.

ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது நிமிடம் போதும். அது ஒன்றைச் சரியாகச் செய்ததும் அத்தோடு விட்டுவிடுங்கள், இன்னும் ஒரு தடவை என்று ஆசைப்படாதீர்கள். உங்களுக்குக் கோபம் வந்த நாளில் தண்ணீர் காட்டிவிட்டு வந்துவிடுங்கள். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது, அதனால் தோள்பக்கமாகவே போங்கள், போகும்போது குரல் கொடுங்கள். செருப்போடு போகாதீர்கள், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கயிற்றை எந்தக் காரணத்துக்காகவும் கையில் சுற்றாதீர்கள். மடித்துப் பிடியுங்கள், அது பிய்த்துக்கொண்டு ஓடினால் விட்டுவிடுங்கள், பிறகு போய்ப் பிடித்துக்கொள்ளலாம். மருத்துவர் வாயைப் பார்த்து என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்