எக்ஸ்பல்ஸ் பைக் வாங்கியிருக்கிறேன், காட்டுப் பாதையில் தனியாக ஓட்டலாமா? யானை, சிறுத்தை தவிர வேறென்ன ஆபத்து?

போகாதீர்கள். தனியாகப் போகாதீர்கள் என்கிறேன், வண்டியை விற்கச் சொல்லவில்லை. ஏன் என்பதை என் வலது காலை வைத்தே சொல்கிறேன்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். தினமும் எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் புகுந்து வேலைக்குப் போய் வருகிறவன். காட்டுப்பக்கம் கிளம்பும்போதெல்லாம் அம்மா திட்டும், நானும் "இந்த ரோட்டை விடவா காடு ஆபத்து?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். ஒரு வகையில் அது சரியும்கூட. காட்டில் எதிரே டிரெய்லர் வராது, வேகமும் 20, 25ஐத் தாண்டாது. ஆனால் எங்கள் ரோட்டில் ஒருத்தன் விழுந்தால் அவன் எழுந்திருக்கப் பார்ப்பதற்குள் நாலு பேர் ஓடி வந்திருப்பார்கள். ஒருத்தர் சாவியை ஆஃப் பண்ணுவார், இரண்டு பேர் வண்டியைத் தூக்குவார்கள், டீக்கடையிலிருந்து தண்ணீர் வரும், ஒரு பெருசு "கண்ணு எங்க வச்சுனு ஓட்ற?" என்று ஏசும். இந்த நாலு பேரை நான் அதுவரை கணக்கில் சேர்த்ததே இல்லை.

இரண்டு வருஷம் முன்னால், பங்குனி வெயில். செங்குன்றம் தாண்டி ஜனப்பன்சத்திரத்தில் திரும்பி, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி, அப்புறம் ஆந்திர எல்லைக்குள் இருக்கும் நாகலாபுரம் மலைப்பக்கம். வீட்டிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர்தான், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்து யாரிடமும் எந்த வழி என்று சொல்லவில்லை. தார் ரோட்டை விட்டு இறங்கி ஒரு ஏரிக்கரை, அதைத் தாண்டி மாட்டுவண்டித் தடம், அது போய் முடியும் இடத்தில் காய்ந்த ஓடை. பத்தடி அகலம் இருக்கும். மணலில் முன்சக்கரம் புதைய ஆரம்பித்தால் எடையைப் பின்னால் தள்ளி ஆக்சிலேட்டரைக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும் என்று ஆயிரம் வீடியோவில் பார்த்திருக்கிறேன். பயத்தில் கை தானாக பிரேக்கைப் பிடித்தது. வண்டி வலது பக்கம் சாய்ந்தது. வேகம் என்ன, ஒரு ஆள் வேகமாக நடக்கிற வேகம்.

அடி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முழங்காலுக்குக் கீழே கால் வண்டிக்கு அடியில். என்னுடையதும் எக்ஸ்பல்ஸ்தான், பெட்ரோலோடு 160 கிலோ கிட்ட வரும் (ஹிமாலயன் 411 பைக் என்றால் 200). நின்றுகொண்டு முதுகைக் கொடுத்துத் தூக்கினால் 160 கிலோவைத் தனி ஆளாகவே நிமிர்த்தலாம், நானே பலமுறை செய்திருக்கிறேன். படுத்துக்கொண்டு ஒரு கையால் ஒரு விரற்கடை கூட நகர்த்த முடியாது. இது விழுந்த பிறகுதான் புரிந்தது.

இந்த வண்டிக்கு சைலன்சர் வலது பக்கம், மேல் தூக்கி வைத்தது. ஓடையில் தண்ணீர் போகும்போது நல்ல டிசைன். வலது பக்கம் விழுந்தால் அதே சைலன்சர் உங்கள் காலோடு படுத்துக்கொள்ளும். ஜீன்ஸ் தாண்டி கெண்டைக்காலில் சூடு ஏறுவது தெரிகிறது, காலை இழுக்க முடியவில்லை. இன்ஜின் தானாக நின்றுவிட்டது, ஆனால் டேங்க் மூடியிலிருந்து பெட்ரோல் சொட்டு சொட்டாக மணலில் இறங்கி வாசனை வந்துகொண்டிருந்தது. நல்லவேளை மணல், நாலடி தள்ளி இடுப்புயரக் காய்ந்த புல். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தது ஞாபகத்துக்கு வந்தது, அந்த நேரத்தில் ஏன்தான் வந்ததோ.

போன் ஹேண்டில்பாரில் ஸ்டாண்டில் மாட்டியிருந்தேன். விழுந்த வேகத்தில் கழன்று இரண்டு கை தூரத்தில் மல்லாந்து கிடந்தது, மேப் ஸ்க்ரீன் எரிந்துகொண்டே இருந்தது, எட்டவில்லை. தண்ணீர் பாட்டில் பின் பையில், அதுவும் எட்டவில்லை. இத்தனைக்கும் முதலுதவிப் பெட்டி, பஞ்சர் கிட், டயர் லீவர், ஸ்பேர் கிளட்ச் கேபிள் எல்லாம் வைத்திருந்தேன். எல்லாம் எனக்குப் பின்னால் மூன்றடியில் பத்திரமாக இருந்தது.

காலுக்கு அடியில் மணலைக் கையால் தோண்ட ஆரம்பித்தேன். கொஞ்சம் தோண்டினால் வண்டி கொஞ்சம் இறங்கும். விழுந்தபோது மணி பதினொன்றரை. ஒரு மணி வாக்கில் ஆட்டு மணிச்சத்தம் கேட்டது. கையில் தொரட்டியோடு ஒரு பாட்டி, பின்னால் இருபது ஆடு. அவர் ஒன்றும் கேட்கவில்லை, தொரட்டியைக் கீழே போட்டுவிட்டு பின் கேரியரை இரண்டு கையாலும் பிடித்து ஒரு ஜாண் தூக்கினார், நான் காலை உருவிக்கொண்டேன். அப்புறம்தான் பேச்சு. "ஒண்ட்டிகா ஏமிடிக்கி வஸ்தாவு நைனா?" எதுக்குப்பா ஒத்தையா வர்றே என்கிறார். எங்கள் தெருவில் பெருசுகள் கூப்பிடும் அதே நைனா. எனக்கு அழுகை வந்துவிட்டது, சும்மா சொல்லக்கூடாது.

கணுக்காலில் மயிரிழை முறிவு, கெண்டைக்காலில் உள்ளங்கை அளவு தீக்காயம், ஆறு வாரக் கட்டு. அவ்வளவுதான். ஆடு மேய்க்க அந்தப் பாட்டி அன்றைக்கு வேறு பக்கம் போயிருந்தால் என்ற கேள்விதான் என்னை இன்னும் விடவில்லை. நாற்பது டிகிரி கிட்ட வெயிலில் தண்ணீரில்லாமல் சாயங்காலம் வரை கிடந்திருந்தால், கணுக்கால் முறிவோடு முடிந்திருக்காது.

யானை, சிறுத்தை என்று கேட்டிருக்கிறீர்கள். நம் பக்கத்துக் காடுகளில் நான் அதிகம் பயப்படுவது காட்டுப்பன்றிக்கு, அதைவிட அதிகமாகக் காட்டுப்பன்றிக்காக மனிதன் வைத்ததற்கு. காட்டோர வயல்களில் இருட்டியதும் திருட்டு மின்வேலி போடுகிறவர்கள் உண்டு, கம்பி மெல்லிசு, ஹெட்லைட்டில் தெரியாது. அவுட்டுக்காய் கேள்விப்பட்டிருப்பீர்கள், பன்றி கடித்தால் வெடிக்கிற நாட்டு வெடி. தடம் தெரியாமல் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வயல் வழியாகக் குறுக்கே இறங்குகிறவனுக்கு இது இரண்டும் சிறுத்தையை விடக் கிட்டே இருக்கிறது.

அப்புறம் காட்டில் உங்களைப் பார்க்கிற அதிகாரி உங்களை யார் என்று நினைப்பார் என்பதையும் யோசியுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். ஆந்திர எல்லையில் செம்மரக் கடத்தல் பிரச்சினை வேறு. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டிலிருந்து போன 20 பேர் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திர போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், நினைவிருக்கும். தமிழ் பேசுகிற, தமிழ்நாட்டு நம்பர் வண்டியில் ஆளில்லாத தடத்தில் தனியாகச் சுற்றுகிற ஒருத்தன், சும்மா ஓட்டிப் பார்க்க வந்தேன் என்றால் நானாக இருந்தாலும் நம்பமாட்டேன். கூட்டமாக, பகலில், அனுமதி வாங்கிய வழியில் போனால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

வெளிநாட்டு யூடியூப்காரர்கள் பையில் சாட்டிலைட் கருவி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், பட்டனை அழுத்தினால் ஹெலிகாப்டர் வரும் என்று. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருந்தால் உங்களைத்தான் தூக்கிப்போவார்கள், ஏர்போர்ட்டில் வெளிநாட்டுப் பயணிகளே மாட்டியிருக்கிறார்கள். அதனால் அந்த ஆசையை விடுங்கள். 108க்கும் ஒரு சிக்கல்: எல்லையில் போன் ஆந்திர டவரைப் பிடித்தால் அழைப்பு அங்கே போகும், எந்த ஊர், எந்த மண்டலம் என்று தெலுங்கில் கேட்பார்கள். ஓடை நடுவில் நின்றுகொண்டு எந்த ஊர் என்று சொல்வீர்கள்? மேப் நெட் இல்லாமலும் ஜிபிஎஸ் எண்களைக் காட்டும், அதைப் படித்துச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். போனை வண்டியில் மாட்டாதீர்கள், நெஞ்சுப் பாக்கெட்டில் ஜிப் போட்டு வையுங்கள். தண்ணீரும் முதுகுப் பையில், உறிஞ்சும் குழாயோடு. கணுக்காலை மூடுகிற பூட்ஸ் விலை அதிகம்தான், கிராஷ் கார்டுக்கும் ஸ்டிக்கருக்கும் கொடுக்கிற காசை முதலில் இதற்குக் கொடுங்கள்.

இப்போது நான் போவது மூன்று வண்டியாகத்தான். இரண்டு பேர் போதாதா என்றால், ஒருத்தன் விழுந்தால் அவன் கூட இருக்க ஒரு ஆள், டவர் கிடைக்கிற இடம் வரை போக இன்னொரு ஆள் வேண்டும். கிளம்பும் முன் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவேன். மூணு மணி என்று போட்டால் மூணேகாலுக்கு அம்மா போன் வந்துவிடும், அது ஒரு தொல்லை.

பெரம்பூர், மாதவரம் பக்கம் என்றால் சொல்லுங்கள். ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு மூலக்கடை மேம்பாலத்துக்குக் கீழே டீ குடித்துக்கொண்டு நிற்போம். கால் மணி நேரம் பார்ப்போம், அப்புறம் கிளம்பிவிடுவோம்.