கடற்கொள்ளையர் பிடித்துவைத்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா?

கேள்வி: என் கணவர் பனாமா கொடி ஏற்றிய டேங்கரில் மோட்டார்மேன் (எஞ்சின் அறைப் பணியாளர்). மேற்கு ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாவில் கப்பலில் ஏறிய ஆயுதக் கும்பல் அவரையும் இன்னும் சிலரையும் கடத்திப் போய் 34 நாள் வைத்திருந்தது. விடுதலையாகி 9 நாள் கழித்துத்தான் ஊர் வந்து சேர்ந்தார். பிடிபட்ட 20-ஆம் நாளோடு காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது, அதுவரை அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் என்கிறார் ஏஜென்ட். அவர் சம்பளத்திலிருந்து எனக்கு வந்துகொண்டிருந்த அலாட்மென்ட்டும் அப்போதே நின்றுவிட்டது. சம்பவம் கரைக்குப் பக்கத்தில் நடந்ததால் அது கடற்கொள்ளையே ஆகாது என்றும் சொல்கிறார். கும்பலில் சிலர் பிடிபட்டதாகக் கேள்வி. அந்த வழக்கில் எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா? இங்கே என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஏஜென்ட் சொல்வது தவறு. 43 நாளுக்கும் சம்பளம் உண்டு.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை (எம்.எல்.சி. 2006) 2018-இல் திருத்தப்பட்டு, அந்தத் திருத்தம் 2020 டிசம்பர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிணையாகப் பிடிபட்ட மாலுமியின் காண்ட்ராக்ட், அதில் எழுதியிருக்கும் கடைசித் தேதி கடந்துபோனாலும், கம்பெனியோ மாலுமியோ அதை ரத்து செய்வதாக நோட்டீஸ் கொடுத்திருந்தாலும், தொடர்ந்து அமலில் இருக்கும் என்று ஏ2.1 விதி சொல்கிறது. ஏ2.2 விதி, விடுதலையாகி முறைப்படி ஊர் திரும்பும் வரை சம்பளமும் மற்ற உரிமைத் தொகைகளும் தரச் சொல்கிறது. குடும்பத்துக்கு அனுப்பும் அலாட்மென்ட்டையும் அந்த விதி பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆகவே உங்கள் கணக்குக்கு வர வேண்டிய பணத்தை ஒரு மாதம்கூட நிறுத்த அவர்களுக்கு உரிமை கிடையாது. கப்பல் பதிவான பனாமா இந்த உடன்படிக்கையை ஏற்ற நாடு. இந்தியாவும் 2015-இல் ஏற்றுவிட்டது.

'கடற்கொள்ளையே ஆகாது' என்ற வாதத்துக்கு வருகிறேன். ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 101-ஆம் பிரிவுப்படி, எந்த நாட்டின் அதிகார எல்லைக்கும் வெளியே நடப்பதுதான் கடற்கொள்ளை. கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் நடந்தால் அது ஆயுதமேந்திய கொள்ளை. யார் பிடிக்கலாம், யார் வழக்கு நடத்தலாம் என்பதற்கு இந்த எல்லை மிக முக்கியம். சம்பளத்துக்கு இது பொருட்டே அல்ல, ஏனென்றால் எம்.எல்.சி. திருத்தம் இரண்டையும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. ஏஜென்ட்டுக்கு எழுதும் கடிதத்தில் இந்த ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்.

எவ்வளவு கேட்பது? விதி அடிப்படைச் சம்பளத்தோடு நிற்கவில்லை. காண்ட்ராக்டில் நிலையான ஓவர்டைம், விடுப்புச் சம்பளம் என்று மாதத் தொகையாக எழுதியிருந்தால் அவையும் சேரும். மணிக்கணக்கில் வேலை பார்த்த பிறகு எழுதப்படும் ஓவர்டைமை மட்டும் கம்பெனி மறுக்கலாம். தொழிற்சங்கத்தோடு கம்பெனி போட்ட கூட்டு ஒப்பந்தம் இருந்தால் அபாயப் பகுதி போனஸ் பற்றிய பக்கத்தைத் தேடிப் பாருங்கள். அபாயப் பகுதிகளின் பட்டியல் அவ்வப்போது மாறுகிறது, எனவே சம்பவ நாளில் எது அமலில் இருந்தது என்று பார்க்க வேண்டும்.

இப்போது பெரும்பாலும் ஒரு 'முழுத் தீர்வு' ரசீது நீட்டப்படும். 20 நாள் பணத்தை வாங்கிக்கொண்டு 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரியின் கீழ் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பல குடும்பங்கள் வக்கீலைத் தேடி வருகின்றன. பணத்தை வாங்குங்கள், ஆனால் 'மீதித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல், பகுதித் தொகையாகப் பெற்றுக்கொண்டேன்' என்று கைப்பட எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காவிட்டால் ரசீதே வேண்டாம், வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

காண்ட்ராக்ட் நகல், சிடிசியில் (மாலுமியின் பணிப் பதிவுப் புத்தகம்) கப்பலில் சேர்ந்த சைன் ஆன் பதிவு உள்ள பக்கம், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, அலாட்மென்ட் வந்த வங்கிப் பதிவு, கப்பலின் ஐ.எம்.ஓ. எண் (அதன் நிரந்தர அடையாள எண்), ஏஜென்ட்டோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஊர் வந்த தேதிக்கு விமான போர்டிங் பாஸும் பாஸ்போர்ட் முத்திரையும் சான்று. அந்த 9 நாளை நிரூபிப்பது இவைதான்.

முதலில் ஏஜென்ட்டுக்கும் கப்பல் உரிமையாளருக்கும் எழுத்தில் கோரிக்கை அனுப்பி 15 நாள் கெடு கொடுங்கள். பதில் இல்லையென்றால் மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் (டி.ஜி. ஷிப்பிங்) புகார் செய்யுங்கள். மாலுமிகளை வேலைக்கு எடுக்க ஏஜென்ட்டுக்குத் தரப்படும் ஆர்.பி.எஸ்.எல். உரிமத்தின் எண்ணைப் புகாரில் குறிப்பிடுங்கள். உரிமம் போய்விடும் என்ற பயம் வந்தால்தான் பலர் அசைகிறார்கள். கூடவே பனாமா கடல்சார் நிர்வாகத்துக்கும் ஒரு நகல். உரிமமே இல்லாத ஏஜென்ட் என்றால் காவல்துறையிலும் தனிப் புகார் தேவை.

இதற்கும் பணம் வரவில்லை என்றால், கப்பல் தொடர்பான வழக்குகளுக்கான 2017-இன் அட்மிரால்டி சட்டம் இருக்கிறது. மாலுமியின் சம்பளத்துக்குக் கப்பல் மேலேயே உரிமை உண்டு, அதுவும் முதல் வரிசையில். கப்பல் தமிழ்நாட்டுத் துறைமுகத்துக்கு வந்தால் சென்னை உயர் நீதிமன்றத்திலும், காண்ட்லாவுக்கு வந்தால் குஜராத் உயர் நீதிமன்றத்திலும் அதைச் சிறைபிடிக்கக் கேட்கலாம். அதே உரிமையாளரின் வேறு கப்பல் வந்தாலும் வழி இருக்கிறது. கப்பல் மீதான இந்த முன்னுரிமை, சம்பளம் கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து இரண்டு ஆண்டுதான். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதால் அது நீளாது.

உங்கள் கணவரின் உடல், மன நிலையையும் விட்டுவிடாதீர்கள். தூக்கமின்மை, திடுக்கிடல் போன்றவை இருந்தால் உடனே மனநல மருத்துவரிடம் காட்டி எழுத்தில் பதிவு வாங்குங்கள். கம்பெனி டாக்டரிடம் எத்தனை நாளுக்குள் போக வேண்டும் என்று காண்ட்ராக்டில் கெடு இருக்கும். அது தவறினால் சிகிச்சைச் செலவையும் நோய்க்காலச் சம்பளத்தையும் மறுக்கக் காரணம் கிடைத்துவிடும்.

கும்பலில் பிடிபட்டவர்கள் மீதான வழக்கிலிருந்து பணம் எதிர்பார்க்க வேண்டாம். 2013-இல் மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகள் 25 கையெழுத்திட்ட யவுண்டே நடத்தை நெறி தகவல் பரிமாற்றத்துக்கும் கூட்டு ரோந்துக்கும் வழி செய்தது. ஆனால் அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அல்ல. தண்டிக்க ஒவ்வொரு நாட்டுக்கும் சொந்தச் சட்டம் வேண்டும். நைஜீரியா அதற்கென 2019-இல்தான் தனிச் சட்டம் இயற்றியது. அதன் கீழ் முதல் தண்டனை 2020 ஆகஸ்ட்டில் போர்ட் ஹார்கோர்ட்டில் வந்தது. அங்கே விதிக்கும் அபராதம் அரசுக்குப் போகும். நம் 2022 கடற்கொள்ளை எதிர்ப்புச் சட்டமும் குற்றவாளி இந்தியாவின் பிடியில் இருந்தால்தான் உண்மையில் உதவும்.

ஆனாலும் சாட்சிக்கு அழைத்தால் மறுக்காதீர்கள். சாட்சி வராததால் விழும் வழக்குகள்தான் அடுத்த கடத்தலுக்குத் துணிச்சல் தருகின்றன. போகும் முன் பயணச் செலவு, தங்குமிடம், இழக்கும் சம்பளம் யார் பொறுப்பு என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். வீடியோ மூலம் சாட்சி சொல்ல முடியுமா என்றும் தூதரகம் வழியாகக் கேளுங்கள். கணவர் என்ன பார்த்தார், எந்தத் தேதி, எத்தனை படகு என்பதை இப்போதே ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.