விஞ்ஞானியும் அதிகாரியும் ஒரே மேசையில்: நிதியை எங்கே கேட்பது?

கேள்வி: கீழக்கரைப் பக்கம் சிறிய அறக்கட்டளை ஒன்று நடத்துகிறோம். கடல் ஆராய்ச்சியாளர்களையும் மாவட்ட அதிகாரிகளையும் சேர்த்து உட்காரவைத்து, பல்லுயிர்ப் பாதுகாப்பில் இணைந்து வேலை செய்யப் பயிற்சி தர ஆசை. இரண்டு இடங்களில் விண்ணப்பித்தோம். "பயிற்சி வகுப்புக்கு நிதி தருவதில்லை" என்று பதில் வந்தது. வேறு எங்கே கேட்கலாம், எவ்வளவு கேட்கலாம்?

பதில்: அந்தப் பதிலில் எனக்கு ஆச்சரியம் இல்லை. "பல்லுயிர்ப் பாதுகாப்புப் பயிற்சி" என்ற தலைப்பைப் படித்ததும் நிதி தருபவர் மனதில் வருவது மண்டபம், பேனர், மதியச் சாப்பாடு, சான்றிதழ். மறுநாள் எந்த அலுவலகத்தில் என்ன மாறும் என்பதுதான் அவர் கேட்க நினைப்பது. விண்ணப்பத்தில் அதற்குப் பதில் இல்லையென்றால் காகிதம் திரும்பி வரும். அதனால் நிதியைத் தேடும் முன்பு, முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு விஷயத்தைத் தேடுங்கள். பயிற்சி அதைச் சுற்றி அமையட்டும்.

உங்கள் கரையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது: கப்பாபைகஸ் என்ற கடற்பாசியின் வளர்ப்பு. மூங்கில் தெப்பத்தில் கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை. வருமானத்துக்கு நல்லது என்று மீன்வளத் துறை ஊக்குவிக்கிறது, திருவாடானை பக்கம் வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவும் வருகிறது. இந்தப் பக்கம் வனத்துறைக்கோ 1986ல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவையும் அதன் 21 தீவுகளையும் காக்கும் பொறுப்பு. குருசடைத் தீவருகே உயிருள்ள பவளப்பாறைமேல் இந்தப் பாசி படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாக் விரிகுடாவுக்கு வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டும் வளர்க்கலாம் என்று 2005லேயே அரசாணை உண்டு. மண்டபம் ஊரில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையத்துக்கும், அதே ஊரில் உள்ள பாசி ஆராய்ச்சி நிலையத்துக்கும் இதில் ஆளுக்கொரு அனுபவம். சின்னப்பாலம் போன்ற ஊர்களில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு, எந்தப் பாரில் (கடலடிப் பாறையில்) என்ன மாறியிருக்கிறது என்று தெரியும். அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

இப்போது கேள்வியைக் குறுக்குங்கள். தெப்பம் எங்கே போடலாம், எங்கே கூடாது? உடைந்து மிதக்கும் துண்டு எந்த மாதம் எந்தப் பக்கம் போகும்? அதைக் கண்காணிப்பது யார், செலவு யாருடையது? இவற்றுக்கு விஞ்ஞானி தனியாகவும் பதில் சொல்ல முடியாது, அதிகாரி தனியாகவும் முடியாது. மூன்று நாள் சேர்ந்து உட்கார்ந்து, தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு, ஒரு வரைபடம். இவ்வளவு வெளியே வந்தால் போதும். விண்ணப்பத்தில் இதைத்தான் விளைவு என்று எழுத வேண்டும்.

யாரை அழைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஆட்சியர் தொடங்கி வைக்கட்டும், நல்லதுதான். ஆனால் அவர் மாறுதலாகிப் போய்விடுவார். கோப்பு கிளம்புவது மீன்வள ஆய்வாளர், வனச்சரகர், அலுவலக உதவியாளர் மேசைகளிலிருந்து. அவர்களும் இளம் ஆராய்ச்சியாளர்களும்தான் உங்கள் மாணவர்கள். அதிகாரிக்குப் பவளப்பாறை பாடம் நடத்துவதைவிட, ஆய்வு முடிவில் எந்த அளவுக்கு உறுதி இருக்கிறது என்று கேட்கக் கற்றுத் தருவது பயனுள்ளது. விஞ்ஞானிக்கோ, எந்தத் துறைக்கு எந்தச் சட்டத்தில் என்ன அதிகாரம், கோப்பு எந்த வழியாகப் போகும் என்பது தெரிய வேண்டும். பெரும்பாலும் தெரிவதில்லை.

சரி, பணம். முதலில் மாவட்டத்துக்குள்ளேயே பாருங்கள். மாவட்ட காலநிலை மாற்ற இயக்கம் ஆட்சியர் தலைமையில் இயங்குகிறது, வனத்துறையும் அதில் உண்டு. ராமநாதபுரத்தில் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை இருக்கிறது, மாநில அரசு அமைத்தது. இவர்களிடம் ரொக்கம் கேட்பதைவிட இடம், படகு, அழைப்புக் கடிதம் கேளுங்கள். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து போகும் ஒரு சுற்றறிக்கை உங்கள் பட்ஜெட்டில் பாதியைக் குறைத்துவிடும். ஊராட்சி அளவில், 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் அதற்கென உள்ளூர் நிதியும் இருக்க வேண்டும். பல ஊர்களில் குழு காகிதத்தில் மட்டும் இருக்கும். உங்கள் பயிற்சியில் அந்தக் குழு உறுப்பினரைச் சேர்த்தால், சென்னையில் உள்ள மாநிலப் பல்லுயிர் வாரியத்தின் கதவைத் தட்ட ஒரு காரணம் கிடைக்கும்.

விஞ்ஞானிகள் தரப்புச் செலவை நீங்கள் சுமக்க வேண்டாம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022ல் அறிவியல் சமூகப் பொறுப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது; விஞ்ஞானிகள் தம் அறிவைச் சமூகத்துடன் பகிர வேண்டும் என்பது அதன் சாரம். ஆய்வு நிறுவனம் தன் பெயரில் பங்காளியாகக் கையெழுத்திட்டால், அவர்கள் நேரமும் கூடமும் நிறுவனத்தின் பங்களிப்பாகிவிடும். அந்தப் பங்களிப்புக்கும் ரூபாய் மதிப்பு போட்டு விண்ணப்பத்தில் காட்டுங்கள். உங்களைப் போன்ற சிறிய அமைப்புகள் விட்டுவிடும் வரி இது.

ரொக்கத்துக்கு நடைமுறையில் ஏற்றது சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் சுற்றுச்சூழல் சமநிலை, தாவர விலங்குப் பாதுகாப்பு எல்லாம் அனுமதிக்கப்பட்ட செலவுகள். ராமநாதபுரம் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டப் பட்டியலில் இருக்கிறது. இதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், நிறுவனங்கள் அதைத் தேடும். ஆனால் வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகளும், 2021 ஏப்ரலில் கட்டாயமான சிஎஸ்ஆர்-1 பதிவும் இல்லாமல் யாரும் பேச மாட்டார்கள். ஒன்றில் நான் பிடிவாதமாக இருப்பேன்: எந்த விஷயத்தில் முடிவெடுக்கப் போகிறீர்களோ அதில் லாபம் பார்க்கும் நிறுவனத்திடம் காசு வாங்காதீர்கள். பாசி வாங்கி விற்கும் கம்பெனி செலவில் தெப்பம் எங்கே போடலாம் என்று பேசினால், அந்தக் குறிப்பை வனத்துறை பிரித்துக்கூடப் பார்க்காது.

வெளிநாட்டு அறக்கட்டளைகள் இந்த மாதிரி வேலைக்குத் தாராளமாகக் கொடுக்கும், உண்மைதான். ஆனால் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு வேண்டும். அதற்கு மூன்று ஆண்டு வயதும் அந்தக் காலத்தில் 15 லட்சம் ரூபாய் செலவுக் கணக்கும் காட்ட வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவு பெற்ற பெரிய அமைப்பு வாங்கி உங்களுக்குப் பிரித்துத் தரவும் முடியாது. பதிவு இல்லையென்றால் இந்த வழியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் சிறிய அமைப்புகளுக்கென்றே உள்ளது, இந்தியாவில் டெரி என்ற ஆய்வு நிறுவனம் வழியாக வந்திருக்கிறது. அந்த அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்க்கலாம்: 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் நாடுகள் ஏற்ற 23 பல்லுயிர் இலக்குகளில் 20ஆவது திறன் வளர்ப்பு, 21ஆவது முடிவெடுப்பவர்களுக்கு அறிவு சென்று சேர்வது. ஒரு வரி போதும். பக்கம் பக்கமாக எழுதினால் உங்கள் கடற்கரை அதில் காணாமல் போகும்.

எவ்வளவு? முதல் முறைக்கு ஐந்தாறு லட்சத்துக்குமேல் போகாதீர்கள் என்பேன். இதில் பாதிக்குமேல் அந்த மூன்று நாளுக்கு வெளியே செலவாக வேண்டும். முன்பு இரண்டு மாதம் ஆவணங்களைத் திரட்டித் தமிழில் சுருக்கவும், பின்பு நான்கு மாதம் குறிப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று விசாரிக்கவும் ஒரு ஆள் சம்பளம். இதை வெட்டச் சொல்வார்கள், விடாதீர்கள். வேண்டுமானால் ராமேஸ்வரம் ஓட்டல் அறையை வெட்டுங்கள். பாசி எடுக்கும் பெண்களுக்கும் மீனவர்களுக்கும் அன்றைய கூலி இழப்பைக் கட்டாயம் எழுதுங்கள். அரசு ஊழியருக்கு மதிப்பூதியம் என்ற வரியே வேண்டாம். அவர்களுடைய பயணப்படி அவரவர் துறையிலிருந்து வரும். நீங்கள் கொடுத்தால் தணிக்கையில் இரண்டு பேருக்கும் தலைவலி.

தேதியைப் பற்றி விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள், மாவட்டத்தை அறிந்தவர் என்று தெரியும். பிப்ரவரி, மார்ச்சில் கச்சத்தீவுத் திருவிழாவும் நிதியாண்டு முடிவும். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் கூட்டம். செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் கடைசியில் பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி என்று அதிகாரிகள் பந்தோபஸ்து வேலையில் இருப்பார்கள். அப்புறம் மழை, டிசம்பர்வரை. மீதி என்ன? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். அந்தச் சமயம் ஜமாபந்தி இருந்தாலும் அது வருவாய்த் துறை சமாச்சாரம், உங்களுக்கு வேண்டியவர்கள் மீன்வளமும் வனமும். ஜூன் முதல் வாரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு விண்ணப்பம் முந்தைய நவம்பருக்குள் போய்ச் சேர வேண்டும். பல சிஎஸ்ஆர் குழுக்கள் அடுத்த ஆண்டுத் திட்டத்தைப் பொங்கல் கழிந்ததுமே பேசத் தொடங்கிவிடும்.