டோவர் எல்லை நெரிசலுக்கு அரசாங்கம் செய்த ஏற்பாடுகளை லொறிச் சாரதிகள் எப்படிப் பார்த்தார்கள்?

கேள்வி கேட்டவர் பிரெக்ஸிட் காலத்தைச் சொல்கிறார். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும்போது டோவர் துறைமுகத்துக்குப் போகும் வழியெல்லாம் லொறிகள் தேங்கும் என்று அரசாங்கம் ஏற்பாடுகள் செய்ததே, அந்த லொறிகளை ஓட்டியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது கேள்வி. ஓட்டியவர்களில் நானும் ஒருவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, லண்டனில் ஏழு வருடம் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை பார்த்து, பிறகு பெரிய லொறி லைசென்ஸ் எடுத்தவன். 2013 முதல் டோவர் வழியாகத்தான் பிரான்ஸ், பெல்ஜியம் ஓட்டம்.

சுருக்கமாகச் சொன்னால், இரண்டு வருடம் நன்றாகச் சிரித்தோம். 2020 டிசம்பரோடு சிரிப்பு நின்றுவிட்டது.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். டோவருக்குப் பரபரப்பான நாளில் 10,000 லொறி வரை வந்து போகும். எம்20 நெடுஞ்சாலை ஃபோக்ஸ்டன் தாண்டியதும் ஏ20 ஆகிச் சுண்ணாம்புக் குன்றுகளின் ஓரமாகத் துறைமுகத்துக்குள் இறங்குகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் குன்று. தேங்கினால் ஒதுங்க இடமில்லை. பிரெஞ்சுக்காரரின் கடவுச்சீட்டுச் சோதனையும் டோவருக்குள்ளேயேதான். அவர்கள் ஒரு லொறிக்குக் கூடுதலாக இரண்டு நிமிடம் எடுத்தாலும் அது பின்னால் மைல் கணக்கில் வளரும்.

இது எங்களுக்குப் புதிதல்ல. 2015 கோடையில் எதிர்க்கரையில் இருக்கும் பிரெஞ்சுத் துறைமுகமான கலே பக்கம் கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தமும் அகதிகள் பிரச்சினையும் சேர்ந்து வந்தபோது எம்20 ஐ மூடி, நெடுஞ்சாலையையே லொறித் தரிப்பிடமாக்கினார்கள். அதற்கு ‘ஆபரேஷன் ஸ்டாக்’ என்று பேர். இனி இப்படி வேண்டாம் என்று 250 மில்லியன் பவுணில் ஒரு பெரிய லொறித் தரிப்பிடம் கட்டப்போவதாகச் சொன்னார்கள். 2017 நவம்பரில் அதையும் கைவிட்டார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பே பிரெக்ஸிட்டுக்கு வாக்களித்தாகிவிட்டது. நெரிசல் வரும் என்று தெரிந்த பிறகு தரிப்பிடத்தைக் கைவிட்ட கெட்டித்தனம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 2018 இல் பிரெக்ஸிட் அமைச்சராக இருந்த டொமினிக் ராப், டோவர்–கலே பாதையை நாடு இவ்வளவு நம்பியிருக்கிறது என்பது தனக்கு முழுதாகப் பிடிபடாமல் இருந்தது என்று மேடையிலேயே சொன்னார். எங்கள் யார்டில் தேத்தண்ணீர் போடும் பெடியனுக்குக்கூட அது தெரியும்.

அப்புறம் 2019 ஜனவரி 7 ஆம் தேதி ஒத்திகை. மான்ஸ்டன் என்ற பழைய விமான நிலையத்தில் லொறிகளை நிறுத்தி, அங்கிருந்து வரிசையாக டோவருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஒரு லொறிக்கு 550 பவுண். நூற்றைம்பது லொறி வரும் என்று எதிர்பார்த்தார்கள், வந்தது 89. எனக்குத் தெரிந்த ஒருவர் போய்வந்தார். “அண்ணை, சும்மா ஒரு காலைச் சவாரிக்குக் காசு” என்றார். பத்தாயிரம் லொறி ஓடும் பாதைக்கு 89 லொறியை வைத்துப் பரீட்சை. ஊரில் தேர் இழுக்க முதல் சிறுவர்கள் தெருவில் சின்னத் தேர் இழுத்துப் பார்ப்பார்களே, அதுதான் ஞாபகம் வந்தது.

அதே நாட்களில், சொந்தமாக ஒரு கப்பல்கூட இல்லாத ஒரு கம்பனிக்குக் கப்பல் சேவை நடத்த 13.8 மில்லியன் பவுண் ஒப்பந்தம் கொடுத்ததும் வெளியே வந்தது. அவர்களுடைய இணையதள நிபந்தனைகள் சாப்பாட்டுக் கடையிலிருந்து எடுத்து ஒட்டியவை போலிருந்தன. ஒப்பந்தம் அடுத்த மாதமே ரத்து. இதைப் பற்றி நாங்கள் பேசியதை இங்கே எழுத முடியாது.

சரி, முக்கியமான ‘ஆபரேஷன் ப்ரொக்’. எம்20 இல் டோவர் பக்கம் போகும் பாதையை லொறிகளுக்கு ஒதுக்கி, மற்ற வாகனங்களை எதிர்ப்பாதையில் இருபக்கமும் ஓடவிடும் திட்டம். 2019 மார்ச்சில் ஒருமுறை போட்டார்கள், ஒக்டோபரில் மறுபடியும். இரண்டு முறையும் வெளியேறும் தேதி தள்ளிப்போனது. மாப்பிள்ளை வராத கல்யாணத்துக்கு இரண்டு தரம் பந்தல் போட்ட கதை. வெறிச்சோடிய பாதையில் மணிக்கு 30 மைலில் நாங்கள் ஊர்வோம், பக்கத்தில் கார்க்காரர் நெருக்குப்பட்டுப் போவார்கள், எங்களைப் பார்த்து முறைப்பார்கள்.

இதில் ஓட்டாதவர்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எங்கள் லொறியில் ஓட்டத்தையும் ஓய்வையும் பதியும் டாக்கோ என்று ஒரு பெட்டி. நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு. ஒரு நாளைக்கு ஒன்பது மணித்தியால ஓட்டம், கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் பத்து. பிறகு வழக்கமாகப் பதினொரு மணித்தியாலம் தொடர்ந்து ஓய்வு எடுக்க வேண்டும். வரிசையில் நிற்பது ஓய்வு என்று நினைப்பீர்கள். இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்லொறி இருபது அடி நகரும், நானும் நகர்த்த வேண்டும். நகர்த்தியவுடன் பெட்டி அதை ஓட்டம் என்று பதியும், ஓய்வு முறிந்துவிடும். திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தால் பின்னால் ஹோர்ன். இரவு மூன்று மணிக்குப் பொலிஸ் கதவைத் தட்டி ‘நகர்த்து’ என்பார்கள். நேரம் முடிந்துவிட்டது, நகர்த்தினால் குற்றம் என்பேன். நகர்த்தாவிட்டாலும் குற்றம் என்பார்கள். சில சமயம் அரசாங்கம் இந்த விதிகளைத் தளர்த்தும், உண்மைதான். ஆனால் அந்தச் செய்தி வரிசையில் நிற்பவன் காதுக்கு வந்து சேர்வதற்குள் நாள் பிந்திவிடும்.

ஏற்பாடு செய்தவர்களின் வரைபடத்தில் நாங்கள் பதினாறரை மீட்டர் நீளமான பெட்டிகள். எத்தனை பெட்டியை எத்தனை மைலில் அடுக்கலாம் என்று கணக்குப் பார்த்திருந்தார்கள், அந்தக் கணக்கு சரியாகவும் இருந்தது. பெட்டிக்குள் இருப்பவன் எங்கே ஒன்றுக்குப் போவான் என்ற கேள்வி யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. டோவர் இருக்கும் கென்ட் மாவட்டத்தின் வீதியோரங்களில் மஞ்சள் நிறத் திரவத்தோடு போத்தல்கள் கிடக்கின்றன என்று ஊர்க்காரர் கோபப்படுவார்கள். கோபம் நியாயம். ஆனால் இரண்டு லொறித் தடுப்புகளுக்கு நடுவே பூட்டிவைத்தால் வேறு என்ன செய்வது? பெண் சாரதிகளின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

2020 செப்டம்பரில் அமைச்சர் மைக்கேல் கோவ், 7,000 லொறி வரை தேங்கலாம், இரண்டு நாள்கூட ஆகலாம் என்று எழுதினார். அதோடு வந்தது கென்ட்டுக்குள் நுழைய ஒரு அனுமதி. இணையத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்லி எடுக்க வேண்டும், 24 மணித்தியாலம் செல்லும், இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண் அபராதம். எனக்கு உடனே இலங்கையில் போர்க்காலத்து வவுனியா பாஸ் ஞாபகம் வந்தது. ஒரே நாட்டுக்குள் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போக ஒரு துண்டு. யார்டில் ஆங்கிலேயர்களுக்கு அது புதுமை, கத்தினார்கள். நானும் ஒரு முல்லைத்தீவுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். எங்களுக்கு எரிச்சல் பாஸில் இல்லை. சுங்கப் பத்திரம் எல்லாம் சரியா என்று அதில் நான் பதில் சொல்ல வேண்டும். பத்திரம் தயாரிப்பவர் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் இருக்கிறார். அவர் பிழைவிட்டால் தண்டம் என் தலையில்.

பிறகு அந்த டிசம்பர். பழைய விதிகளே தொடர்ந்த பிரெக்ஸிட் மாற்றக்காலம் முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது. 20 ஆம் தேதி ஞாயிறு இரவு, புதிய கொரோனாத் திரிபு என்று பிரான்ஸ் எல்லையை மூடியது. நான் மெய்ட்ஸ்டன் தாண்டி எம்20 இல் நின்றேன், பெல்ஜியத்துக்கு உதிரிப்பாகங்களோடு. திருப்பிக்கொண்டு வர முதலாளி சொன்னார். எப்படித் திருப்புவது? முன்னும் பின்னும் லொறி, பக்கத்தில் தடுப்பு.

முன்லொறி போலந்துக்காரருடையது. வெறும் லொறியோடு வீட்டுக்குப் போகிறார். அவர்களுக்கு 24 ஆம் தேதி இரவுச் சாப்பாடுதான் நத்தாரில் பெரிது. சும்மா நிற்கும் நாளுக்கு அவருக்குச் சம்பளமும் இல்லை. என்னிடம் காஸ் அடுப்பு இருந்தது, அவரிடம் பால்மா. இரண்டு நாள் அப்படித்தான் தேத்தண்ணீர் ஓடியது. மலசலகூடத்துக்கு அரை மைல் நடை, மழையில். மேம்பாலத்தின் மேலே நின்று உள்ளூர்ச் சனங்கள் கயிற்றில் பை கட்டிச் சாப்பாடு இறக்கினார்கள். கிரேவ்ஸெண்ட் சீக்கியக் கோயிலும் கால்சா எய்ட் என்ற சீக்கியத் தொண்டு நிறுவனமும் நூற்றுக்கணக்கில் சூடான சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்தார்கள். போலந்துக்காரர் கடலைக்கறியைத் தொட்டுப் பார்த்து உறைப்பில் கண் கலங்கினார், ஆனால் இன்னொன்று கிடைக்குமா என்று என்னைத்தான் கேட்கச் சொன்னார்.

அரசாங்கத்தின் சாப்பாடு வந்தது பிறகு. 89 லொறியால் ஒத்திகை பார்த்த மான்ஸ்டனில் இப்போது 3,000 க்கும் மேல் லொறி. ஓடுபாதை முழுக்க வரிசை. புதன்கிழமை எல்லை திறந்தது என்றார்கள், ஆனால் கொரோனாச் சோதனை எடுத்தவர்தான் போகலாம், சோதனைக்கு ஆட்கள் வரவில்லை. டோவர் வாசலில் தள்ளுமுள்ளு நடந்தது. பிறகு இராணுவம் இறங்கியது, அதன்பின் வேகமாக நகர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 15,000 க்கும் மேல் சோதனை செய்து முடித்தபோது தொற்று இருந்தது 36 பேருக்கு. நான் 24 ஆம் தேதி மாலை கப்பல் ஏறினேன். போலந்துக்காரர் எனக்கு முதல் போய்விட்டார். அந்த இரவு அவர் ஜெர்மனியில் எங்கோ ஒரு தரிப்பிடத்தில்தான் இருந்திருப்பார்.

எல்லாமே வீண் என்று சொல்லமாட்டேன். தடுப்புச்சுவரை ஒரு இயந்திரம் ஸிப் இழுப்பது போல இரவோடு இரவாகப் போட்டு எடுப்பது நல்ல ஏற்பாடு, இன்றும் பயன்படுகிறது. 2021 ஜனவரியில் பயந்த அளவு வரிசையும் வரவில்லை, கம்பனிகள் முன்கூட்டியே சரக்கை அனுப்பிவிட்டதால் பாதையே வெறுமையாக இருந்தது. கென்ட் பாஸை அந்த ஏப்ரலிலேயே எடுத்துவிட்டார்கள். உண்மையான வரிசை 2022 ஈஸ்டரில் வந்தது. ஒரு பெரிய கப்பல் கம்பனி 800 பேரை ஒரே நாளில் வேலையால் நிறுத்தி, கப்பல்கள் ஓடாமல் நின்றபோது. அதை யாரும் எந்தத் திட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

2025 ஒக்டோபரிலிருந்து பிரெஞ்சு எல்லைச் சோதனையில் கைரேகை, முகப்படம் எல்லாம் எடுக்கிறார்கள். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு என்பதால் 180 நாளில் 90 நாள்தான் ஐரோப்பாவில் நிற்கலாம், அதை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். இறைச்சி, பால் சாமான் கொண்டுபோகவும் தடை. மனைவி கட்டித்தரும் மட்டன் ரோல்ஸை முன்பெல்லாம் கலே தாண்டித்தான் பிரிப்பேன். இப்போது டோவர் வரிசையிலேயே தின்று முடித்துவிடுகிறேன். நேரம் தாராளமாக இருக்கிறது.