பராமரிப்பு வேலையை எதைக் கொண்டு அளப்பது?

கேள்வி: எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர்மார் மாதம் எத்தனை வேலை முடித்தார்கள் என்றுதான் அறிக்கை போகிறது. எண்ணிக்கை கூடுகிறது, ரோலர் (கொழுந்து உருட்டும் மெஷின்) நிற்பது குறையவில்லை. வேறு எதைக் கணக்கெடுக்கலாம்?
(வாசகர், ஹட்டன்)

பதில்: ஒரே பெயாரிங்கை மூன்று தடவை மாற்றினால் உங்கள் அறிக்கையில் அது மூன்று வேலை! மெஷின் நின்ற நேரத்தை எழுதத் தொடங்குங்கள்.

ஒரு ரோலர் மாதத்தில் 420 மணித்தியாலம் ஓடி, 6 தடவை பழுதாகி, மொத்தம் 18 மணித்தியாலம் நின்றது என்று வைத்துக்கொள்வோம். 420ஐ 6ஆல் வகுத்தால் 70. பழுதுக்குப் பழுது சராசரியாக அவ்வளவு மணித்தியாலம் ஓடுகிறது (எம்.டி.பி.எஃப்.). 18ஐ 6ஆல் வகுத்தால் 3. ஒரு பழுதைச் சரிசெய்து மறுபடி ஓட்ட ஆகும் நேரம் அது (எம்.டி.டி.ஆர்.). முதல் எண் குறைந்துகொண்டே வந்தால் கிறீஸ், பெல்ட் இழுவை, பெல்ட் ஓடும் சக்கரங்கள் (புல்லி) நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது கூடினால், ஃபிட்டரைக் குறைசொல்லுமுன் அந்த 3 மணித்தியாலத்தைப் பிரித்துப் பாருங்கள்.

அதற்கு லொக் புத்தகத்தில் ஐந்து நேரம் வேண்டும்: மெஷின் நின்றது, தகவல் சொன்னது, ஃபிட்டர் கைவைத்தது, சாமான் கைக்கு வந்தது, மறுபடி ஓடியது. பெல்ட் மாட்ட அரை மணித்தியாலம், டவுனுக்குப் போன லொறி திரும்பும்வரை இரண்டு மணித்தியாலம் என்று பல இடங்களில் தெரியவரும். அந்த இரண்டு மணித்தியாலம் ஃபிட்டரின் கணக்கில் அல்ல, சாமான் கையிருப்பின் கணக்கில் சேர வேண்டியது. வீ-பெல்ட் வாங்கினால் முழு செட்டாக வாங்கி வையுங்கள். அறுந்த ஒன்றை மட்டும் மாற்றினால், நீண்டுபோன பழையவை தளர்ந்து நிற்க, பாரமெல்லாம் புதியதில் விழும். அது சீக்கிரம் போய்விடும்.

ட்ரையரை (கொழுந்தைக் காயவைக்கும் மெஷின்) தனியாக எழுதுங்கள். ரோலர் ஒன்று நின்றால் மற்றவற்றில் சமாளிக்கலாம். ட்ரையர் நின்றால் உருட்டிய கொழுந்து நொதித்துக்கொண்டே போகும். தேநீரின் துலக்கம் போய்விடும். அங்கே ஒரு மணித்தியாலத்தின் விலையே வேறு.

முன்கூட்டிய பராமரிப்பில், அட்டவணையில் 40 வேலை இருந்து குறித்த நாளில் 34 முடிந்தால் 85 வீதம். ஆனால் 'சரி' போட்டிருப்பதை மட்டும் நம்பக்கூடாது. கிறீஸ் அடித்த தடவையை எண்ணினால் அளவுக்கு மிஞ்சி அடிப்பார்கள், பெயாரிங் சூடேறும். எத்தனை பம்ப் என்று அட்டவணையிலேயே எழுதுங்கள். அதே பழுது 30 நாளுக்குள் திரும்பினால் சிவப்பு மையில் குறியுங்கள்.

கேள்வி: டிம்புள்ளப் பக்கத்துத் தொழிற்சாலையோடு எங்களை மாதாமாதம் ஒப்பிடுகிறார்கள். சரியா?
(வாசகர், பண்டாரவளை)

பதில்: சரியில்லை. நீங்கள் இருக்கும் ஊவாவிலும் டிம்புள்ளவிலும் கொழுந்து குவிவதும் குறைவதும் ஒரே மாதத்தில் இல்லை. மெஷின் ஓடும் மணித்தியாலமும் மாறும். உங்கள் ஓகஸ்டைப் போன வருட ஓகஸ்டோடு வையுங்கள்.