தோட்டத்தை விற்று மருத்துவமா, ஏரி வண்டலா?

திண்டுக்கல்லிலிருந்து எழுதியிருக்கும் தந்தைக்கு,

நீட் தேர்வில் மகள் தகுதி மட்டும் பெற்றிருக்கிறாள், நிர்வாக ஒதுக்கீட்டில் மருத்துவம் சேர்க்கத் தோட்டத்தை விற்கலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் விற்காதீர்கள். மைத்துனர் சொல்கிறார் என்பதற்காக, பெண் ஒருமுறைகூடக் கேட்காத படிப்புக்கு இருக்கும் ஒரே சொத்தைக் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

கடிதத்தின் கடைசியில், அவள் வேதியியல் பைத்தியம் என்றும் பள்ளியில் குளத்து மண்ணை வைத்து ஏதோ ஆய்வு செய்தாள் என்றும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியம். பொறியியல் பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. நான் சொல்வது நிலவியல், அதாவது பாறையையும் மண்ணையும் ஆராயும் ஜியாலஜி. அதிலும் ஏரி வண்டலைக் கொண்டு நச்சு மாசின் காலத்தைக் கணிக்கும் துறை.

உங்கள் மாவட்டத்துக் கொடைக்கானலையே பாருங்கள். அங்கிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தினர் 2006இல் வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட நஞ்சு எந்த ஆண்டில் வந்து சேர்ந்தது என்று கேட்டால், அடுக்கடுக்காகப் படிந்த சேறுதான் பதில் சொல்லும். படகிலிருந்து குழாயை நேராக இறக்கி, அடுக்கு கலையாமல் மேலே எடுக்க வேண்டும். பிறகு சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வெட்டி, ஒவ்வொரு பையிலும் ஆழத்தை எழுத வேண்டும். பாதரசம் ஆவியாகக்கூடியது என்பதால் சூடாக்காமல் உறையவைத்து உலர்த்துவார்கள். ஒவ்வோர் அடுக்கின் வயதையும் காட்டுவது ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், சுமார் 22 ஆண்டுகள். ஏறத்தாழ நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் வரை அதைக்கொண்டு கணக்கிடலாம். அணுகுண்டுச் சோதனைகளால் 1963ஐ ஒட்டி மிகுதியாகப் படிந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் அந்தக் கணக்கைச் சரிபார்க்க உதவும். தூர்வாரிய இடத்தில் அடுக்குகள் கலைந்துபோயிருக்கும்; அங்கே குழாயை இறக்கினால் உழைப்பெல்லாம் வீண். அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுமை, குளத்து மண்ணோடு மல்லுக்கட்டிய பிள்ளைக்கு வாய்க்கும் என்றே நம்புகிறேன்.

சென்னை மாநிலக் கல்லூரியிலும் சேலம் அரசு கலைக் கல்லூரியிலும் பி.எஸ்சி. நிலவியல் இருக்கிறது. பட்டம் வாங்கியதும் வேலை என்று நான் ஏமாற்ற மாட்டேன். முதுகலை வரை படித்தே ஆக வேண்டும். முதுகலை அறிவியல் சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வில் நல்ல இடம் பெற்றால் ஐ.ஐ.டி.யிலேயே படிக்கலாம். ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆராய்ச்சியாளர் உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் உண்டு. ஏரிப் படிவுகளை ஆராயும் பீர்பால் சாஹ்னி நிறுவனம் லக்னோவில் இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு யு.பி.எஸ்.சி. தனித் தேர்வே நடத்துகிறது.

கல்விக் கட்டணத்தைவிட விடுதிக்கும் சாப்பாட்டுக்கும்தான் அதிகம் செலவாகும். அதை முதலில் விசாரியுங்கள். விண்ணப்பிக்கும் முன் மகளை ஒருமுறை சேலத்துக்கு அழைத்துச் சென்று, அந்தத் துறையின் ஆய்வகத்தை அவளே பார்த்துப் பேராசிரியர்களிடம் கேள்வி கேட்க விடுங்கள்.